இருபத்தொன்பதாம் நாள், ஆறாவது வரி

அன்பர்களே, போன குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் வலது கை என்னை விட்டுப் போனது. கூடவே பேச்சும் போனது. அவற்றைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் அன்று நடந்தது. அதை நான் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்லப் போகிறேன்.

நம் சனிக்கிழமை பஜனையில் எழுந்து நின்று பேசச் சொன்னீர்கள். பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் அவசரப்பட்டால் நாக்கு இன்னும் தடுக்குகிறது. முப்பத்திரண்டு வருடமாக மத்திய சர்க்கார் அலுவலகத்தில் கோப்பு எழுதுகிறவன் நான். எனக்கு எழுதித் தருவதுதான் வசதி. நிதானமாக வாசியுங்கள்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு கரோல் பாக் மெட்ரோ படிக்கட்டில் கடைசிப் படியைத் தவறவிட்டேன். கையில் புதிதாக அரைத்த காப்பிப்பொடி. அது சிந்தக் கூடாதே என்று பார்த்ததில் கணுக்கால் மடங்கி எலும்பு விரிசல் விட்டது. காப்பிப்பொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது, ஆனால் மணிக்கு ஒருமுறை வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நாலு அடி நகர வேண்டும், விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை ஒழுங்காக ஃபைலில் போட்டு வைத்தேன். போட்டு வைத்ததோடு சரி.

நம் கோயிலில் புதுச் சன்னதிக்கு அஸ்திவாரம் போடும்போது அடியில் வைக்க, அன்பர்கள் எல்லோரும் ‘ஸ்ரீராமஜயம்’ எழுதிக் கொடுக்கிறார்கள் அல்லவா. எனக்கு நேரமே இல்லை என்று இரண்டு வருடம் தட்டிக் கழித்திருந்தேன். இப்போது கால் மேலே, லீவு கையிலே. நாற்பத்தெட்டு நாளில் ஒரு லட்சம் எழுதுவதாக வேண்டிக்கொண்டேன். கால் நல்லபடியாகச் சேர வேண்டும், மறுபடியும் படியேறிக் கோயிலுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

எழுதுவதற்கு விதிகளையும் நானே போட்டுக்கொண்டேன். இதைக் கவனியுங்கள், நம் கூட்டத்தில் யாரும் அப்படிச் சொன்னது கிடையாது. காலை ஆறு மணிக்கு ஜன்னலோரம் கிழக்குப் பார்த்து நாற்காலி. கட்டுப்போட்ட கால் எதிரே ஸ்டூலில். அன்றையக் கணக்கு முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் சங்கல்பம் கலைந்துவிடும். எழுந்திருக்கத் தேவை வராமல் இருக்க, தண்ணீரும் குடிக்கக் கூடாது. தினமும் மதியம்வரை ஆறு மணி நேரம் அப்படி உட்கார்ந்தேன். நீளமான நோட்டில் வரிக்கு நாலு, பக்கத்துக்கு இருபத்தேழு வரி, மொத்தம் நூற்றெட்டு. பக்கம் முடிந்ததும் ஓரத்தில் மணி பார்த்து நேரம் குறிப்பேன், பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து. கோப்பில் குறிப்பு எழுதி எழுதி வந்த பழக்கம். ராமனுக்கு எதற்கு நேரம் என்று என் மனைவி கமலா சிரிப்பாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். காலையில் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள்.

வீட்டில் பகலில் என்னோடு இருப்பது என் பெண் நிவேதா. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்தவள். பக்கத்து அறையில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கம்பெனி வேலை பார்ப்பாள். தமிழ் பேசுவாள், நடுநடுவே ஹிந்தி விழும். படிக்க வராது. சின்ன வயதில் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தேன், இரண்டு பேருக்கும் கோபம் வந்ததுதான் மிச்சம். “பெத்த அப்பன் என்ன எழுதுறான்னு படிக்கத் தெரியாத பொண்ணு” என்று வருகிறவர் போகிறவர் எதிரிலெல்லாம் குத்திக் காட்டியிருக்கிறேன். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் சொன்ன செவ்வாய்க்கிழமை, எழுத ஆரம்பித்து இருபத்தொன்பதாம் நாள். அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தேன். நாலைந்து நாளாகக் கட்டுக்குள்ளே கெண்டைச்சதை இழுத்து வலித்தது. கால் விரல்கள் வீங்கியிருந்தன. கட்டு இறுக்கமோ என்று நினைத்துச் சும்மா இருந்தேன். உண்மையைச் சொன்னால், வலிக்கட்டும், தவம் என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

ஏழரை மணிக்கு நிவேதா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“ப்பா, தண்ணியாவது குடிங்க ப்ளீஸ். ராம்ஜி ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு.”

தலையைத் தூக்காமல் இடது கையால் போ என்று காட்டினேன். அவள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே குளிர்காலத்தில் ஊரையே மூடுகிற அந்தப் புகை. எதிர்ப் பக்கத்து வேப்பமரம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஜன்னல் முழுக்கப் பால் ஊற்றினது போல வெள்ளை, அதற்குள்ளே எங்கேயோ சூரியன். உலகத்தில் அந்த ஜன்னலும் நோட்டும் பேனா ஓடுகிற சத்தமும் மட்டும்தான் மிச்சம் என்று தோன்றியது. ஒரு பக்கம் முடிந்தது. ஓரத்தில் 10.41 என்று குறித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பினேன். ஐந்து வரி எழுதியிருப்பேன். புகை தொண்டையில் கமறி, ஒரு இருமல் வந்தது பாருங்கள், நிற்கவே இல்லை. அடிவயிற்றிலிருந்து பிடித்து உலுக்கிவிட்டு அடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறாவது வரியை ஆரம்பித்தேன்.

அதற்கு அப்புறம் நடந்ததை நான் ஒரு கனவாகத்தான் வைத்திருக்கிறேன். பேனா போய்க்கொண்டிருந்தது. எழுத்து கோட்டில் நிற்காமல் மெதுவாகக் கீழே இறங்கியது. யாரோ எழுதுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது போல இருந்தது. பயமே இல்லை. கீழே காய்கறி வண்டிக்காரன் கூவினான். தினமும் கேட்கிற குரல்தான், ஆனால் அதில் வார்த்தைகள் இல்லை, ராகம் மட்டும் வெகு தூரத்திலிருந்து வந்தது. மடியில் ஒரு கை கிடந்தது. யாருடைய கை என்று யோசித்தேன். என்னுடைய மோதிரம் அதில் இருந்தது, அதனால் என்னுடையதாக இருக்கலாம் என்று முடிவுக்கு வந்தேன். ஜன்னல் வெளிச்சம் அறைக்குள் வந்து மேலே படர்ந்தது. தூங்கிவிடலாம் போல அவ்வளவு சுகமாக இருந்தது.

அந்தச் சுகத்துக்குள்ளே திடீரென்று ஒரு துளி பயம் விழுந்தது. ஏதோ சரியில்லை, அவனைக் கூப்பிடு என்று தோன்றியது. கூப்பிடப் போனேன். அன்பர்களே, பெயர் இல்லை.

வாயில் வரவில்லை என்று சொல்லவில்லை. மனசிலேயே இல்லை. அறுபதாயிரம் தடவைக்கு மேல் எழுதிய பெயர், பிறந்ததிலிருந்து தும்மினாலும் தடுக்கினாலும் தானாக வாயில் வந்த பெயர், தேவைப்பட்ட அந்த நேரத்தில் என்னிடம் இல்லை. உள்ளே எல்லா இடத்திலும் தேடினேன். எல்லா அறையும் காலி. நோட்டைப் பார்த்தேன். வரிவரியாகக் கறுப்புக் கோடுகள். நான் எழுதினதை எனக்கே படிக்கத் தெரியவில்லை. அப்போதுதான் நான் அநாதை ஆனேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு தனிமையை நான் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் தெரிந்தது. நான் தேடுவது இந்த நோட்டுக்குள்ளேதான் இருக்கிறது. இடது கையால் அதை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். அன்று நான் செய்த பிரார்த்தனை அது ஒன்றுதான். அதில் ஒரு சொல்கூடக் கிடையாது.

பதினொன்றரைக்கு, ஒரு மீட்டிங்குக்கும் அடுத்த மீட்டிங்குக்கும் நடுவே நிவேதா வெளியே வந்தாள். நான் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் கோணி, எச்சில் வழிய உட்கார்ந்திருந்தேனாம். அவள் கத்தின கத்தலில் கீழ் வீட்டு சர்தார்ஜி ஓடி வந்தார். இரண்டு பேருமாக என்னைத் தூக்கி அவர் காரில் போட்டார்கள். நோட்டை வாங்கி வைக்க அவள் இழுத்துப் பார்த்திருக்கிறாள். நான் விடவில்லை. கார் ஏறும்போதும் விடவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைக்கும்போதும் விடவில்லையாம். “சோடியே, விட்டுடுங்க அங்கிள், விடுங்கன்னா விட மாட்டேங்குறாரு, நோட்டும் வரட்டும்” என்று அவள் அழுதது எனக்கு லேசாக ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரி சேர்ந்தபோது பன்னிரண்டு இருபத்தைந்து. இனி நான் சொல்வது நிவேதா எனக்குப் பிறகு சொன்னது. அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா, வயது நாற்பதுக்குள், ஹிந்திக்காரர். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. இவர் நன்றாக இருந்ததைக் கடைசியாக யார், எத்தனை மணிக்குப் பார்த்தது?

“ஏழரைக்கு. நான்தான் தண்ணி கொடுத்தேன்” என்றாள் இவள்.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாராம். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது. அதைக் கரைக்க ஒரு ஊசி உண்டு. ஆனால் அடைத்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாண்டிவிட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து, போட்ட மருந்தே ஆளை முடித்துவிடலாம். ஏழரையிலிருந்து எண்ணினால் பன்னிரண்டோடு கெடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எப்போது அடைத்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாதபோது, கடைசியாக நன்றாகப் பார்த்த நேரத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னார்.

நிவேதா என் பக்கத்தில் வந்து நின்றாள். நோட்டு என் மார்பின் மேலே. ஸ்கேனுக்கு என்னைக் கொண்டுபோகும்போது நர்ஸ் வாங்கி வைத்ததை, திரும்பி வந்ததும் நான் கையை நீட்டி நீட்டிக் கேட்டு மறுபடியும் வாங்கிக்கொண்டேனாம். அவள் என் கையோடு சேர்த்து அதைத் திறந்தாள். ஏன் திறந்தாள் என்று அவளுக்கும் தெரியாது.

நம்மில் யார் பார்த்திருந்தாலும் ராமநாமம் என்று கும்பிட்டுவிட்டு மூடியிருப்போம். நமக்கு எழுத்து தெரியும். கண் பாதியைப் படிக்கும், மீதியை மனசு நிரப்பிவிடும், பிசகினால்கூடச் சரியாகவே படித்துவிடுவோம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்கு அது ஒரு உருவம், பக்கம் பக்கமாக ஒரே உருவம். கடைசிப் பக்கத்தில் ஐந்து வரி அதே உருவம். ஆறாவது வரியில் முதல் இரண்டு அதே உருவம். மூன்றாவதில் ஒரு சுழி திறந்தே நின்றது. நான்காவது பாதியில் சரிந்து, பேனா காகிதத்தின் அடிவரைக்கும் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது. முந்தின பக்கத்து ஓரத்தில் 10.41. அதற்கு முந்தின பக்கத்தில் 10.23. அதற்கும் முன்னால் 10.04.

நோட்டை உருவிக்கொண்டு ஓடியிருக்கிறாள். இந்தத் தடவை நான் விட்டுக் கொடுத்தேனாம்.

“டாக்டர், யே தேக்கியே, இதைப் பாருங்க. எனக்கு இதைப் படிக்கத் தெரியாது. ஆனா இங்கே வரைக்கும் எல்லாம் ஒண்ணு போல இருக்கு. இங்கேதான் மாறுது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் கூட ஆகலை. அஞ்சு வரின்னா நாலு நிமிஷம். பத்தே முக்காலுக்கு எங்கப்பா நல்லா இருந்திருக்காரு.” இதையெல்லாம் ஹிந்தியில் சொன்னாள்.

டாக்டரம்மா பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் அந்த எழுத்து தெரியாது. தமிழ் படிக்கத் தெரியாத இரண்டு பெண்கள் என் நோட்டின் மேல் குனிந்து நிற்கிறார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். பெரிய டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்கேனையும் மறுபடி ஒருமுறை சரிபார்த்தார். அப்புறம், “ஜல்தி” என்று நர்ஸை அவசரப்படுத்தினார். ஊசி ஏறியபோது மணி ஒன்று ஆகவில்லை.

சாயங்காலம் வலது கைக் கட்டைவிரல் அசைந்தது. கமலா பள்ளிக்கூடத்துப் புடவையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பது போல அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு தூங்கிப்போனேன். மறுநாள் விடிந்து கண் விழித்தபோதும் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அது எனக்குக் கேட்டது. ராமா, ராமா, ராமா. ஓ, நீயா, இங்கேயா இருந்தாய் என்று நினைத்தேன். கேவிக் கேவி அழுதேன். எனக்கு வலிக்கிறது என்று நினைத்து அவள் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

அப்புறம் காரணம் தேடினார்கள். கட்டைப் பிரித்துக் காலை ஸ்கேன் செய்ததில் கெண்டைச்சதை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கிடந்தது. அசையாமல், தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்ததற்கு அது தண்டனை. காலிலிருந்து கட்டி மூளைக்கு எப்படிப் போயிற்று? அதற்கு ஒருநாள் இருட்டு அறையில் படுக்க வைத்து, கையில் ஊசி வழியாக நுரை கலந்த உப்புத் தண்ணீரை ஏற்றினார்கள். டிவி மாதிரி ஒரு திரையில் என் இதயம். வலது பக்க அறைகளுக்குள் குமிழிகள் சோடா போலப் பொங்கின. இடது பக்கம் இருட்டாக இருந்தது. “மூச்சைப் பிடித்து முக்குங்கள், இப்போது விடுங்கள்” என்றார் அந்த டாக்டர். விட்டேன். நடுச் சுவரில் ஒரு இடம் லேசாகத் திறந்தது. ஐந்தாறு வெள்ளைக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டுக்குள் நீந்திப் போயின. என் உடம்புக்குள் எனக்கே தெரியாத ஒரு வாசல், ஐம்பத்தேழு வருடமாக.

தாயின் வயிற்றில் இருக்கும்போது எல்லோருக்கும் அந்த வாசல் உண்டாம். பிறந்து மூச்சு விட்டதும் மூடி ஒட்டிக்கொள்ளும். நிறையப் பேருக்குச் சரியாக ஒட்டுவதில்லை, பாதகமும் இல்லை. காலில் உறைந்த துணுக்கு முறையாக நுரையீரலுக்குப் போய் அங்கே சல்லடையில் நின்றிருக்க வேண்டும். நான் இருமி இருமி அழுத்தம் கொடுத்த நேரத்தில் வாசல் திறந்தது. செக்‌ஷனுக்குப் போகாமல் நேரே அமைச்சர் மேஜைக்குப் போன கோப்பு போல, துணுக்கு குறுக்கே புகுந்து சுத்த ரத்தத்தோடு தலைக்கு ஏறிவிட்டது. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். சில வாரம் கழித்துத் தொடை வழியாகக் கம்பி விட்டு, அந்த வாசலுக்கு ஒரு சின்ன மூடி போட்டார்கள். இப்போது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்.

வீட்டுக்கு வந்த அன்று கமலா என்னைச் சும்மா விடவில்லை.

“எழுந்திருக்காதே, தண்ணி குடிக்காதேன்னு ராமரா உங்ககிட்ட சொன்னாரு? நீங்களே ஆர்டர் போட்டு, நீங்களே கையெழுத்துப் போட்டுட்டு, பழியை அவர் தலையில வைக்காதீங்க.”

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் ஒரே கேள்வியைத்தான் நான் உருட்டிக்கொண்டிருந்தேன். எழுதப்போய்த்தானே இது வந்தது, இதில் அருள் எங்கே இருக்கிறது? அறிவாளிகள் யாராவது உங்களையும் இப்படிக் கேட்பார்கள். என் பதில் இது. பிடிவாதம் என்னுடையது. இருமல் புகையுடையது. எல்லாமே கைவிட்டுப் போய், கூப்பிடப் பெயர்கூட இல்லாமல் நான் கிடந்தபோது, விடாதே, பிடித்துக்கொள் என்று அந்த இடது கைக்கு யார் சொன்னது? அதை நான் சொல்லவில்லை. நான் அங்கே இல்லவே இல்லை.

தை மாதம் மறுபடியும் நோட்டை எடுத்தேன். கை நடுங்கியது. எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது, இன்னும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது. ஒரு பக்கம் முடிந்தால் எழுந்துவிடுவேன். தண்ணீர் குடித்து, பால்கனி வரைக்கும் நடந்து, வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவேன். ஓரத்தில் நேரத்துக்குக் கீழே இப்போது ‘எழுந்தேன்’ என்றும் குறிக்கிறேன். நாற்பத்தெட்டு நாளில் முடியவில்லை. பங்குனிவரை இழுத்தது. பிழையாக எழுதிய நாமத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பார்கள். ஆறாவது வரியின் மூன்றாவதையும், பாதியில் நின்ற நான்காவதையும் நான் சேர்த்துக்கொண்டேன். அவன் ஆட்சேபிக்க மாட்டான்.

அன்பர்களே, நீங்களும் எழுதுங்கள். கால் வீங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள், பெருமை பிடித்து உட்கார்ந்திருக்காதீர்கள். அவனை நம்புங்கள். உங்களுக்குப் பெயர் மறந்துபோகிற நாளிலும் அவனுக்கு உங்களை மறக்காது. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

போன வாரம் நோட்டுகளைக் கட்டிக் கோயிலில் சேர்க்க எடுத்து வைத்தேன். ஒன்று குறைந்தது. அந்த நோட்டுதான். நிவேதாவின் அறைக்குப் போய்க் கேட்டேன். “அஸ்திவாரத்துல வைக்கணும்மா, கொடு” என்றேன். அவள் மேஜை டிராயரை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

“அதைக் கொடுக்க மாட்டேன்ப்பா” என்றாள். “நான் படிச்ச ஒரே தமிழ் அதுதான்.”